கேட்டாயா?

சட்டைக்குப் பொத்தான் போட எவ்வளவு நேரம் ஆகும்? சில ஆண்டுகளுக்கு முன்னால் யாராவது என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். பொத்தான் போடுவதை ஒரு வேலையாகவே நான் எண்ணியதில்லை. மூச்சு விடுவதை யார் வேலையாக எண்ணுகிறார்கள்? இன்று எனக்கு விடை தெரியும். என் சட்டையில் ஏழு பொத்தான்கள். இடக்கையால் மட்டும் போட்டால் பதினொரு நிமிடம். வலக்கையும் மனம் வைத்தால் ஒன்பது நிமிடம். மழைநாளில் விரல்கள் விறைத்துக்கொண்டால் அதற்குக் கணக்கே இல்லை.

2022ஆம் ஆண்டு ஐப்பசியில் ஒரு விடியற்காலை, மதுரையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் காபியோடு உட்கார்ந்திருந்தேன். வலக்கையிலிருந்த டம்ளர் நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்க நினைத்தேன்; கை நான் சொன்னதைக் கேட்கவில்லை. “என்னங்க சத்தம்?” என்று உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள். ‘ஒன்றுமில்லை’ என்று சொல்ல வாயெடுத்தேன். வந்தது சொல் அல்ல; ஏதோ ஓர் ஒலி. அவள் ஓடிவந்து என் முகத்தைப் பார்த்தாள். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்ததை அவள் கண்களில்தான் நான் தெரிந்துகொண்டேன்.

அவள் அழவில்லை. அக்கம்பக்கத்தைக் கூட்டவில்லை. 108க்குச் சொல்லி வண்டியை வரவழைத்தாள். இரண்டு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயில் கட்டி அடைத்துக்கொண்டுவிட்டால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் மடிந்துபோகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். ஆகையால் வாய் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ, ‘கொஞ்ச நேரம் படுத்திருந்தால் சரியாகிவிடும்’ என்று யாரும் காத்திருக்கக் கூடாது. அடைப்பா, இரத்தக் கசிவா என்று படம் எடுத்துப் பார்த்துத்தான் மருத்துவர் சொல்ல முடியும். இந்த ஒன்றை மட்டும் வாசகர்கள் மறவாமல் நினைவில் வைத்துக்கொண்டால், நான் நோயுற்றதற்கும் ஒரு பயன் உண்டு.

ஆனால், உயிர் பிழைத்த கதையைச் சொல்ல நான் இதை எழுதவில்லை. உயிர் பிழைத்தவன் வீட்டுக்குத் திரும்பிய பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

எனக்கு வலப்பக்கம் செயலிழந்தது. கூடவே பேச்சும் போயிற்று. வலக்கையை ஆள்வது மூளையின் இடப்பாதி. பெரும்பாலான மனிதருக்குப் பேச்சு குடியிருப்பதும் அங்கேயேதான். இதை உலகத்துக்கு எடுத்துக்காட்டிய நோயாளி ஒருவர் உண்டு. 1861ஆம் ஆண்டு, பாரிஸ் நகரை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில், பால் ப்ரோகா என்ற மருத்துவர் அவரைப் பார்த்தார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கேயே கிடந்தவர். பிறர் பேசுவது அவருக்குப் புரிந்தது. ஆனால், என்ன கேட்டாலும் ‘டான், டான்’ என்ற ஒலி ஒன்றுதான் பதில். மருத்துவமனையில் அவருக்குப் பெயரே ‘டான்’ என்றாகிவிட்டது. தாம் சொல்வது பிறருக்குப் புரியாதபோது அவருக்குக் கோபம் வருமாம். சில நாட்களில் அவர் இறந்துபோக, ப்ரோகா அவருடைய மூளையை ஆராய்ந்து, இடப்பக்கத்து முன்பகுதி சிதைந்திருப்பதைக் கண்டார். அந்த மூளை இன்றும் பாரிஸில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அவர் இருபது ஆண்டுகள் என்ன சொல்ல விரும்பினார் என்பதைத்தான் யாராலும் பாதுகாக்க முடியவில்லை.

எனக்கும் எல்லாம் புரிந்தது. சொல்தான் வரவில்லை. நாற்பது ஆண்டுகளாகச் சொற்களை வைத்துப் பிழைத்தவனுக்கு மிஞ்சியவை, ‘இல்லை’, ‘வா’, ‘அது’ என்ற மூன்று சொற்கள். விசித்திரம் என்னவென்றால், ஒன்று முதல் இருபது வரை தடையின்றி எண்ண முடிந்தது. ஆனால், “உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?” என்று மருத்துவர் கேட்டபோது, ‘மூன்று’ என்ற சொல்லைத் தனியே எடுக்க முடியவில்லை. ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கி, மூன்றில் நிற்க வேண்டியிருந்தது. சில நேரம் நிற்கவும் முடியாமல் நான்கு, ஐந்து என்று போய்விடுவேன். அருகிலிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு நடுவிலேயே அழுகையாக மாறிற்று. துயரத்தால் வந்த அழுகை அல்ல அது. நோய் மூளையில் எங்கோ ஒரு மடையைத் திறந்து விட்டிருந்தது, அவ்வளவுதான். ஆனால், அதை யாருக்கு எப்படி விளக்குவேன்? “பாவம், மனசு உடைஞ்சு போயிட்டார்” என்றார்கள்.

பார்க்க வந்தவர்கள் என் கட்டிலருகில் நின்றுகொண்டு, என் மகனைப் பார்த்து, “அப்பாவுக்கு இப்ப எப்படியிருக்கு? சாப்பிடுறாரா?” என்று கேட்டார்கள். அவன் பதில் சொன்னான். நான் அந்த அறையில் இருந்தேன். ஆனால், அந்த உரையாடலில் இல்லை.

என் மூத்த மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னையில் கணினி நிறுவனத்தில் வேலை. நான் விழுந்த செய்தி கேட்டதும் மனைவி மகளோடு மதுரைக்கே வந்துவிட்டான். வீட்டிலிருந்தே வேலை பார்த்தான். எனக்கு முகம் மழித்தான், குளிப்பாட்டினான், சோற்றைப் பிசைந்து ஊட்டினான். ஏழு பொத்தான்களையும் அரை நிமிடத்தில் போட்டுவிடுவான். வங்கிக் காகிதங்களையும் மருந்துச் சீட்டுகளையும் அவனே பார்த்துக்கொண்டான். நான் ‘அது...’ என்று தொடங்கினால் மீதியை அவனே முடித்துவைப்பான். “இந்தக் காலத்திலே இப்படியும் ஒரு பிள்ளையா!” என்று தெருவே வியந்தது. அந்த வியப்பில் எனக்கும் உடன்பாடுதான். இனிமேல் நான் சொல்லப்போவதை அவன்மேல் சுமத்தும் குற்றமாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அந்தச் சமயத்தில் ஒரு வார இதழில் என் தொடர்கதை வெளிவந்துகொண்டிருந்தது. முப்பத்தோரு அத்தியாயங்கள் முடிந்திருந்தன. கதாநாயகியை மானாமதுரைச் சந்திப்பில், இரவு நேரத்தில், ரயிலுக்குக் காத்திருக்க வைத்துவிட்டு வந்திருந்தேன். கட்டிலில் கிடந்த இரவுகளில் எனக்கு வேறு வேலை என்ன? அவள் எந்த ரயிலில் ஏறுவாள், ஏறாமல் வீட்டுக்கே திரும்புவாளா என்று மனத்துக்குள் எழுதிக்கொண்டிருந்தேன். சொற்கள் நாவில் இல்லாவிட்டாலும், அந்தப் பெண் பிளாட்பாரத்தில் பெட்டியோடு நிற்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. நான் இன்னும் எழுத்தாளன்தான் என்பதற்கு எனக்கிருந்த ஒரே சாட்சி அவள்.

தை மாதத்தில் ஒரு நாள், நாலாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி அந்த இதழை எடுத்துவந்து எனக்குப் படித்துக் காட்டினாள். துணுக்குகளைப் படித்தாள். பிறகு ஒரு கட்டத்துக்குள் இருந்த நான்கு வரிகளையும் படித்தாள். ஆசிரியரின் உடல்நலக் குறைவு காரணமாக இத்தொடர் நிறுத்தப்படுகிறது என்றும், வாசகர்கள் பொறுத்தருள வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. “தாத்தா, இது உங்க கதைதானே?” என்றாள் குழந்தை. என் மரணச் செய்தியை நானே காதால் கேட்டதுபோல் இருந்தது.

இதழாசிரியரிடம் பேசித் தொடரை நிறுத்தச் சொன்னவன் என் மகன்தான். மாலையில் அவன் அறைக்குள் வந்தபோது அந்தப் பக்கத்தை அவன் முன் நீட்டினேன். எவ்வளவோ சொல்ல வேண்டும் என்று நெஞ்சு முட்டியது. ‘இல்லை... இல்லை...’ என்பதைத் தவிர வேறொன்றும் வரவில்லை. “என்னப்பா, புத்தகம் வேண்டாமா? எடுத்து வச்சிடறேன்” என்றான் அவன். பேத்தியின் பலகையை இடக்கையால் இழுத்தேன். கொம்பு கோணி, துணைக்கால் நழுவி, ஒரு சொல்லை எழுதி முடித்தேன்.

‘கேட்டாயா?’

அவன் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். “டாக்டர் உங்களை எதுக்கும் அலட்டிக்கக் கூடாதுன்னு சொன்னார்ப்பா. வாரா வாரம் போன் வந்தா உங்களுக்குக் கஷ்டமாயிருக்குமேன்னுதான்...” என்றான். அவன் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மருத்துவர் அப்படித்தான் சொல்லியிருந்தார். என்னால் அப்போது ஒரு வரி எழுதியிருக்க முடியாது என்பதும் உண்மை. அவன் என்னிடமே கேட்டிருந்தால், நானே ‘நிறுத்திவிடு’ என்று சொல்லியிருக்கவும் கூடும். அப்படியானால் என் நெஞ்சில் தைத்தது எது?

பல நாள் இதையே எண்ணிக் கிடந்தேன். என் மகன் என்னிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. பாரத்தைத்தான் இறக்கினான். ஆனால், அந்தப் பாரத்தோடு சேர்த்து, ‘சரி’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ சொல்லும் என் உரிமையையும் இறக்கி வைத்துவிட்டான். கையும் காலும் போன மனிதனிடம் கடைசியாக மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அன்பு அதை எடுத்துக்கொள்ளலாமா? நமக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டவர்களுக்கு, நமக்காக முடிவு செய்யும் உரிமையும் வந்துவிடுகிறதா?

எளிதில் ‘இல்லை’ என்று சொல்லிவிட நான் தயாராக இல்லை. ஏனென்றால், நோயாளியின் விருப்பம் எல்லாமே நியாயமானது அல்ல. ஆஸ்பத்திரியில் இரண்டாவது வாரம், யாரும் இல்லாத நேரம் பார்த்து நானே எழுந்து நடக்க முயன்று விழுந்தேன். நெற்றியில் நான்கு தையல். அன்று முதல் கட்டிலுக்குத் தடுப்புப் போட்டார்கள். போட்டது சரிதான். இன்னொன்று: எனக்கு விழுங்கும் தசைகளும் தளர்ந்திருந்தன. நீர்த்த பொருளைக் குடித்தால் அது வழி தவறி மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலைக் கெடுத்துவிடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். எனக்கோ காபி வேண்டும். கையால் டம்ளர்போல் காட்டிக் காட்டிக் கேட்டேன்.

என் மனைவி என்ன செய்தாள் தெரியுமா? ‘அப்புறம் தருகிறேன்’ என்று ஏமாற்றவில்லை. கவனிக்காததுபோல் போகவும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தாள். “காபிதானே கேக்கறீங்க? எனக்குத் தெரியுது. குடுக்க மாட்டேன். நெஞ்சுக்குள்ளே இறங்கிடும்னு டாக்டர் சொல்றார். கோவிச்சுக்கிறதுன்னா என்னைக் கோவிச்சுக்குங்க” என்றாள். நான் கோபித்துக்கொண்டேன். தட்டைத் தள்ளிவிட்டேன். ஆனால், அந்த மறுப்பில் நான் சிறுமைப்படவில்லை. என் விருப்பம் அவள் காதில் விழுந்தது, அவள் அதை எடைபோட்டாள், பிறகு மறுத்தாள். கேட்டுவிட்டு மறுப்பது வேறு; கேட்காமலே முடிப்பது வேறு. முன்னதில் எதிரே ஒரு மனிதன் இருக்கிறான். பின்னதில் ஒரு கட்டில்தான் இருக்கிறது.

பொதுவாழ்வில் இருந்த இரண்டு மனைவியரை இங்கே நினைக்கத் தோன்றுகிறது. 1919ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி, அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சனுக்குக் கடுமையான பக்கவாதம் கண்டது, இடப்பக்கம் செயலற்றது. அவருடைய பதவிக்காலத்தில் இன்னும் பதினேழு மாதங்கள் மீதி இருந்தன. நோயின் கடுமை நாட்டுக்கு மறைக்கப்பட்டது. யார் அவரைப் பார்க்கலாம், எந்தக் காகிதம் அவர் கண்ணுக்குப் போகலாம் என்பதையெல்லாம் அவர் மனைவி ஈடித் தீர்மானித்தார். நாட்டு விவகாரங்களில் தாம் ஒரு முடிவும் எடுக்கவில்லை என்றும், எது முக்கியம், எதை எப்போது கணவரிடம் கொண்டுபோவது என்பதை மட்டுமே முடிவு செய்ததாகவும் அந்த அம்மையார் பின்னாளில் எழுதினார். எது முக்கியம் என்று முடிவு செய்வதைவிடப் பெரிய முடிவு வேறு எது? ஆனால், அவரைப் பழிக்க எனக்கு நா எழவில்லை. கணவனைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஒரே நினைவில், கதவருகே காவல் நின்ற மனைவி அவர். அந்தக் கதவு கணவனுக்கும் சேர்த்துத்தான் சாத்தப்பட்டிருக்கிறது என்பது காவல் நிற்பவர்களுக்குத் தெரிவதில்லை.

இன்னொருவர், சுவீடன் நாட்டுக் கவிஞர் தோமஸ் ட்ரான்ஸ்ட்ரோமரின் மனைவி மோனிகா. 1990இல், தம் ஐம்பத்தொன்பதாம் வயதில், கவிஞருக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கமும் பேச்சும் போயின. அவருக்கு எஞ்சிய சில ஒலிகளையும் சைகைகளையும் வைத்துக்கொண்டு, அவர் கருத்தைப் பிறருக்கு எடுத்துச் சொன்னவர் மோனிகா. கவிஞர் இடக்கையால் பியானோ வாசித்தார். புதிய கவிதைகளையும் வெளியிட்டார். 2011இல் அவருக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இந்த இரு பெண்மணிகளும் கணவருக்காகப் பேசியவர்களே. கணவரின் இடத்தில் நின்று பேசுவதற்கும், கணவரின் பக்கத்தில் நின்று பேசுவதற்கும் இடையே ஓர் அடி தூரம்தான். அந்த ஓர் அடியைத்தான் அன்பு அளந்து வைக்க வேண்டியிருக்கிறது.

நம் மொழியில் ‘கேள்’ என்ற சொல்லுக்கு வினவு என்றும் பொருள், செவிகொடு என்றும் பொருள். திருக்குறளில் கேள்வி என்ற அதிகாரம் வினாவைப் பற்றியதல்ல. செவிச் செல்வத்தைப் பற்றியது. பேச்சிழந்தவனோடு வாழும் வீட்டில் இந்த இரண்டு பொருளும் ஒன்றாகிவிடுகின்றன. அவனிடம் வினவிவிட்டு, விடைக்குக் காத்திராமல் நகர்ந்தால், அது வினவியதாகாது.

இதையெல்லாம் எண்ணி, மகனுக்கு நீதி வகுத்துக்கொண்டிருந்த ஓர் இரவில்தான் என் தந்தை நினைவுக்கு வந்தார். அதன் பிறகு நெடுநேரம் எனக்கு உறக்கம் வரவில்லை.

என் தந்தை சோழவந்தானுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கர்ணமாக இருந்தவர். 1980இல் அந்தப் பதவியையே அரசு ஒழித்தபோது, பெட்டியைப் பூட்டிவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார். 1984இல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கை, வலக்கால், பேச்சு. இன்று எனக்கு வந்ததேதான். நான் மதுரையில் வேலையில் இருந்தேன். சனிக்கிழமைதோறும் போவேன். கட்டிலில் என்னைக் கண்டதும் அவர் உதடுகள் துடிக்கும். ‘த... த...’ என்பார்.

“தண்ணியா அப்பா? இதோ” என்று செம்பை எடுத்து வாயருகே பிடிப்பேன். அவர் என்னைப் பார்ப்பார். பிறகு குடிப்பார். “பாத்தியா, மகன் மொகத்தைப் பாத்தே புரிஞ்சுக்கிறான்” என்று ஊரார் மெச்சுவார்கள். அந்த மெச்சுதலை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐந்து மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரம் வேறு. அவர் ‘த’வுக்கு அடுத்த எழுத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நான் தண்ணீரைக் கொடுத்து அவர் வாயை அடைத்துவிடுவேன். பதினான்கு மாதங்கள் அப்படிக் கழிந்தன.

அவர் இறந்த அன்று, இரண்டு தெரு தள்ளியிருந்த என் சித்தப்பா வந்தார். கொடிக்கால் வரப்பு ஒன்றின் காரணமாக அண்ணன் தம்பி இருவருக்கும் ஒன்பது ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லை. வாசற்படியிலேயே நின்றுகொண்டு, துண்டால் வாயைப் பொத்தியபடி, அவர் என்னிடம் ஒரே கேள்வி கேட்டார்: “அண்ணன் என்னைக் கேட்டாரா?”

“அவருக்குத்தான் பேச்சே இல்லையே சித்தப்பா” என்றேன்.

அன்று அந்தப் பதிலில் எனக்கு ஐயம் ஏதும் இல்லை. முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, நானே நாவில் சொல் ஏறாமல் கிடந்தபோதுதான் ஐயம் வந்தது. என் தந்தை சொல்ல முயன்றது தண்ணீர்தானா? தம்பி என்பதும் ‘த’வில்தானே தொடங்குகிறது? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இனி வழியும் இல்லை. தாகத்தாலும் அவர் அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கலாம். என் அவசரத்தைக் கண்டு, என் மனம் நோகாமல் இருப்பதற்காகவும் குடித்திருக்கலாம். இரண்டுக்கும் இடையே நான் விட்டுவைக்க வேண்டியிருந்தது ஒரு நிமிடம்தான். அந்த ஒரு நிமிடத்தை நான் கொடுக்கவில்லை. சித்தப்பாவும் இன்று இல்லை.

என் மகன்மீது எனக்கிருந்த வருத்தம் அந்த இரவோடு போயிற்று. அவன் செய்தது என்னைவிட நூறு மடங்கு மேலானது. அவனும் நானும் செய்த தவறு மட்டும் ஒன்றே: நேசிக்கிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்பியது.

இனி என் கணக்குக்கு வருகிறேன். ‘என்னைக் கேட்டாயா?’ என்று மகனைக் கேட்ட நான், யாரையாவது கேட்டேனா? வீட்டில் உதவிக்கு ஓர் ஆள் வைக்கலாம் என்று மருமகள் சொன்னபோது, ‘இல்லை’ என்று தலையை ஆட்டி மறுத்தவன் நான். அன்னியன் கை என்மேல் படக் கூடாது என்ற ரோஷம். அதன் பொருள், இரவில் மூன்று முறை என்னைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டியவள் அறுபத்து நான்கு வயதான என் மனைவி என்பது. அவள் தன் தங்கை மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை. முழங்கால் வலியை யாரிடமும் சொல்லவில்லை. நோயாளி பாவம் என்று உலகம் சொல்கிறது. ஆனால், கட்டிலில் கிடப்பவனும் கொடுங்கோலனாக இருக்க முடியும். அவனுடைய பலவீனமே அவன் கையிலிருக்கும் பிரம்பு. ஒரு நாள் பலகையை எடுத்து அவளுக்காக எழுதினேன்: ‘உனக்கு என்ன வேண்டும்?’ அவள் படித்துவிட்டுச் சிரித்தாள். “நாலு மணி நேரம் முழிக்காம தூங்கணும்” என்றாள். மறு வாரமே இரவுக்கு ஓர் ஆள் வந்தார். அவர் கை என்மேல் பட்டது. என் ரோஷம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

உடலுக்குப் பயிற்சி கொடுக்க வந்த இளைஞர் எனக்கு ஒரு விந்தையான வைத்தியம் சொன்னார். நல்ல கைக்கு ஒரு கனத்த உறையை மாட்டிக் கட்டிவிட வேண்டும். பழுதுபட்ட கை தன் வேலையைத் தானே செய்தாக வேண்டும். நல்ல கை எல்லாவற்றையும் செய்துகொண்டேயிருந்தால், பழுதுபட்ட கை தனக்கு மிஞ்சிய சிறு அசைவையும் மறந்துவிடுமாம். அசைவு கொஞ்சமாவது மிஞ்சியவர்களுக்கு இந்த முறை பயன்படுகிறது. அமெரிக்காவில் 222 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2006இல் வெளிவந்தது. விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நல்ல கையைக் கட்டிவைத்து, இரண்டு வாரம் பயிற்சி பெற்றவர்களுக்கு, ஓராண்டு கழிந்த பிறகும் கை நன்றாக உதவியது என்று அதில் கண்டார்கள். இதைக் கேட்டபோது எனக்கு என் வீடு நினைவுக்கு வந்தது. அங்கே நான் பழுதுபட்ட கை. மற்றவர்கள் எல்லாரும் நல்ல கை.

அந்த நாட்களில் ஒரு காலை. சட்டையை மாட்டிக்கொண்டு முதல் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தேன். மூன்று முறை நழுவிற்று. என் மனைவி கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்; உதவிக்கு வரவில்லை. எனக்கு ஆத்திரம் பொங்கியது. இத்தனை ஆண்டு வாழ்ந்தவள், இப்படிக் கல்லாக நிற்கிறாளே! முகத்தை நிமிர்த்தி அவளை முறைத்தேன். அப்போதுதான் அவள் கைகளைக் கண்டேன். முந்தானையின் நுனியை இரு கைகளிலும் சுற்றிச் சுற்றி, விரல்கள் வெளுத்துப்போகும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தாள். என் இடக்கைக்கு உறை போட்டதுபோல், தன் இரு கைகளுக்கும் அவள் முந்தானையால் உறை போட்டுக்கொண்டிருந்தாள். பொத்தானைப் போட்டுவிடுவது அவளுக்கு எவ்வளவு எளிது! போடாமல் நிற்க அவள் பட்ட பாட்டை நான் கண்ணால் கண்டேன். எனக்குச் செய்யப்பட்ட பணிவிடைகளிலெல்லாம் கடினமானது அதுதான் என்று நினைக்கிறேன்.

பேச்சுப் பயிற்சி தரும் அம்மையார் வீட்டாருக்கு ஒரு விதி வகுத்தார். நான் ஒரு சொல்லைத் தேடும்போது யாரும் குறுக்கிடக் கூடாது. மனத்துக்குள் பத்து வரை எண்ண வேண்டும். அதன் பிறகும் வராவிட்டால், ‘உதவட்டுமா?’ என்று கேட்க வேண்டும். என் மகன் இதை அப்படியே பின்பற்றுகிறான். நான் தடுமாறும்போது அவன் உதடுகள் மெல்ல அசைவதைப் பார்க்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று... அவன் எட்டு வரை வரும்போது பெரும்பாலும் என் சொல் வந்துவிடுகிறது. நின்றுபோன என் கதையின் மீதி ஒன்பது அத்தியாயங்களையும் இப்படித்தான் நான் சொல்ல, அவன் எழுதி முடித்தான். அதற்குப் பதினெட்டு மாதங்கள் ஆயின. மானாமதுரையில் நின்றவள் என்ன செய்தாள் என்பதில் அவனுக்கும் எனக்கும் கருத்து வேற்றுமை உண்டு. அவன் தன் கருத்தைச் சொன்னான். என் கருத்தை எழுதினான்.

எல்லா வீட்டிலும் இது இவ்வளவு சுமுகமாக முடிவதில்லை என்பதை அறிவேன். எங்கள் வீட்டிலும் முடிந்துவிடவில்லை. சில நாள் அவன் எண்ண மறந்துவிடுகிறான். சில நாள் நான் பொறுமையிழந்து பலகையை வீசுகிறேன். தினந்தோறும் மறந்து, தினந்தோறும் புதிதாகக் கற்க வேண்டிய பாடம் போலிருக்கிறது இது.

இன்று காலை நான் வெளியே கிளம்பிக்கொண்டிருந்தேன். ஆறு பொத்தான்கள் போட்டாயிற்று. கழுத்துப் பொத்தான் மட்டும் இந்தக் கைக்கு இன்னும் வசப்படவில்லை. மகன் அறைக்குள் எட்டிப் பார்த்தான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

“போட்டு விடட்டுமாப்பா?” என்று கேட்டான்.

“மேலே... இருக்கிற... ஒண்ணு மட்டும்” என்றேன்.